ஒன்பதாவது வீட்டு முறை

புளியை எடுத்தவள் திரும்ப வைத்தாள். வைத்தவள் மறுபடி எடுத்தாள். விடிந்ததிலிருந்து இது நாலாம் தடவை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு செப்புக் கிண்ணத்தைத் தேய்க்க இத்தனை நேரமா என்று இருளாயியை யாராவது கேட்கலாம். நல்ல வேளை, கேட்க வீட்டில் ஆள் இல்லை. மகன் ராசாங்கம் ஐயனார் கோயிலில் பொங்கல் பந்தல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான், மருமகளும் அங்கேதான். கொல்லையில் துவைகல் பக்கம் அவளும் கிண்ணமும் புளியும் மட்டும். அப்புறம் ஒரு கோழி, அது புளியங்கொட்டையைக் கொத்திப் பார்த்து ஏமாந்து நிற்கிறது. போகிறபோது ராசாங்கம் சொன்னான், "ஆத்தா, கிண்ணத்தைப் பளபளன்னு தேச்சு வையி. பத்தரை பஸ்ஸுல மலைக்கண்ணன் வர்றாப்ல. நேரா இங்கதான் வரணும், ஒங் கையாலதான் வாங்கிக்கிறணும். அதான் முறை." பளபளன்னு. உலகத்தில் எத்தனை சொல் இருக்கிறது, இந்தப் பயலுக்கு இதுதானா கிடைத்தது. நாற்பத்தேழு வருசத்துக்கு முன்னால் இதே கல்லில் இதே கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவள் வாயிலிருந்து வந்த சொல் அது. மகனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் உட்கார்ந்து கோழியை விரட்டிக்கொண்டிருக்கிறாள். மலைக்கண்ணன் வருவான், கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போவான், ஐயனார் முன்னால் வைப்பான், எட்டு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்க நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எங்கப்பா செஞ்சது தப்பு, பொறுத்துக்கங்க என்பான். ஊர் பொறுத்துக்கொள்ளும். ஒன்பதாவது பானை பொங்கும். எல்லாம் நல்லபடியாக முடியும். ஆனால் அவன் அப்பா தப்பே செய்யவில்லை. அதைத்தான் அவளால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, இந்த வயசில்.

ராசாங்கம் ஊர் வரலாற்றைக் கல்லில் வெட்டப் போகிறானாம். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அவளிடம் நாலு தடவை வாசித்துக் காட்டிவிட்டான், ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பதுபோல அவளும் தலையாட்டிவிட்டாள். பஞ்சத்தில் கிழக்கேயிருந்து வண்டி கட்டி வந்த ஒன்பது குடி, மூன்று கோடையில் கூடை கூடையாக மண் சுமந்து எடுத்த கண்மாய், ஒன்பது வீட்டுக்கும் சமமாகப் பிரித்த வயல், அதனால் ஊருக்கே பெயர் ஒம்பதுவீட்டுப்பட்டி. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் கிண்ண முறை. கிண்ணத்தின் அடியில் ஒரு துளை, அவ்வளவுதான் சங்கதி. அண்டாத் தண்ணீரில் மிதக்க விட்டால் துளை வழியாகத் தண்ணீர் ஏறி, ஏறி, ஒரு நேரம் சென்று குபுக்கென்று முங்கும். அது ஒரு கிண்ணம். வீட்டுக்குப் பத்துக் கிண்ணம் தண்ணீர், ஒரு பகலுக்கு மூன்று வீடு, மூன்று பகலில் ஒன்பது வீடும் முடிந்து மடையைக் களிமண் வைத்து அடைத்துவிடுவார்கள். அடைத்தால் அடைத்ததுதான், மிச்சம் மாடு கன்றுக்கு. ஊரில் ரெண்டு மூன்று பேர் கடிகாரம் கட்ட ஆரம்பித்த பிறகும் இதுதான் கணக்கு. கடிகாரத்தைத் திருகி வைக்கலாம், கிண்ணத்தைத் திருக முடியுமா என்று அவள் மாமனார் வீரணன் கேட்பார், எல்லோரும் அதானே என்பார்கள். கிண்ணம் இருப்பது அவர் வீட்டில், மடையோரம் அண்டா பக்கம் உட்கார்ந்து பார்ப்பது அவர், முங்கியதும் தட்டை அடிப்பது அவர். மூன்று தலைமுறையாகக் கிண்ணத்து வீடு. அக்கம்பக்கத்து ஊரில் பொண்ணு கொடுக்கவும் எடுக்கவும் அந்த ஒரு பேர் போதும். ராசாங்கத்தின் நோட்டில் இதெல்லாம் வரிவரியாக இருக்கிறது, அதற்கடுத்து ஒரு வரி: நீர்முறை மீறி, பொய் கூறிய ஒரு குடி ஊரை விட்டு நீங்கிற்று. இன்றைக்கு மலைக்கண்ணன் விழுந்தபிறகு இன்னொரு வரி சேரும்: அன்னார் மகன் பிழை பொறுக்க வேண்டி மீண்டும் சேர்ந்தனன். சேர்ந்தனனாம். கல்வெட்டு என்றவுடன் பயலுக்கு எங்கிருந்தோ தமிழ் வந்துவிடுகிறது. அந்த வரியை அவன் வாசிக்கும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிற்றில் ஒன்று இழுத்துப் பிடிக்கும், காலையில் சாப்பிட்ட மாத்திரை என்று சொல்லிக்கொள்வாள். சந்தையில் பக்கத்து ஊர்க்காரிகள் எட்டு வீட்டை வச்சுக்கிட்டு ஒம்பதுவீட்டுப்பட்டியாம் என்று கேலி பண்ணினாலும் இதே இழுப்புத்தான், அப்போது வெயில் என்று சொல்லிக்கொள்வாள். மாத்திரையும் வெயிலும் இல்லாவிட்டால் அவள் எதைச் சொல்லித்தான் பிழைத்திருப்பாளோ.

பஞ்சவர்ணம். அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லவே கூசுகிறது. இருவரும் ஒரே மாசத்தில் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள், இவள் கிண்ணத்து வீட்டுப் பூவலிங்கத்துக்கு, அவள் ஒன்பதாவது வீட்டுச் சாத்தையாவுக்கு. உறவில் சாத்தையா இவளுக்கு அண்ணன் முறை. வாய் நிறையத் தங்கச்சி என்பான். வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஊர்க்கிணறு தெரியாது, பாதை தெரியாது, யார் யாருக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பது தெரியாது, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு முதலில் பிள்ளை பிறந்தது, மலைக்கண்ணன். இருளாயி இடுப்பில்தான் பாதி நாள் இருப்பான், கழுத்துப் பாசியைக் கடித்துக்கொண்டு. இப்போது அவனுக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். எந்தப் பல்லால் கடித்தானோ அந்தப் பல் இருக்கிறதோ என்னவோ. அந்த வருசம் மாசி மாசம், கதிர் பால் பிடிக்கிற நேரம், கண்மாயில் தண்ணீர் தரையோடு கிடந்தது, அதுதான் கடைசி முறை, அது பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். மூன்றாம் நாள் மத்தியானம் எட்டாவது வீடு முடிந்தது. ஒரு வீட்டு முறை முடிந்தால் கிண்ணம் கிண்ணத்து வீட்டுக்கு வரும், விளக்கு முன்னால் ஒரு நிமிசம் வைத்து, அடுத்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். மாமியார் இல்லாத வீடு; இவள்தான் கொடுக்க வேண்டும். பஞ்சவர்ணம் வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளை, முகமெல்லாம் வியர்வை. கிண்ணம் பச்சை பூத்துக் களிம்பேறிக் கிடந்தது. அழுக்குக் கிண்ணத்தை அவள் கையில் கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றுமில்லை, சத்தியமாக வேறொன்றுமில்லை. "இருடி, ஒனக்குப் பளபளன்னு தேச்சுத் தாரேன்" என்றாள். புளி வைத்து, சாம்பல் வைத்து, தேய்த்தாள். கிண்ணம் சிவந்தது. துளை மட்டும் பச்சையாகவே இருந்தது, ஓரமெல்லாம் களிம்பு கட்டிப்போய். கோணி ஊசியை எடுத்து உள்ளே விட்டு ஒரு திருகு திருகினாள். பொடியாக உதிர்ந்தது. இன்னொரு திருகு. சுத்தம். பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அந்தச் சிரிப்பை இருளாயி எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள், ஒரு தடவையாவது அது வேறு மாதிரி வராதா என்று.

கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசலாம், துணியால் ஒற்றலாம், அதற்கு மேல் தொடக் கூடாது, துளை மயிரளவு அகன்றாலும் கிண்ணம் சீக்கிரம் முங்கிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம், அதனாலேயே யாரும் அவளிடம் சொல்லவில்லை. மாமியார் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், கையிலிருந்து புளியைப் பிடுங்கி எறிந்திருப்பாள். செத்துப்போனவள்மேல் பழி போடுவதில் ஒரு வசதி உண்டு, அவள் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டாள். அந்த வசதியையும் இருளாயி சில வருசம் அனுபவித்தாள். அன்றைக்குப் பார்த்து மூடாப்பு வேறு, ஒரு சொட்டு விழாத வெறும் மூடாப்பு. பொழுது எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சூரியன் இல்லை, நின்று அளக்க நிழல் இல்லை. மாமனார் தட்டை அடித்தார், அடித்தார், பத்தாவது தடவையும் அடித்தார். சாத்தையாவின் வயலோ கடைசி வயல், வாய்க்காலில் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரவே நேரமாகும், மேலே மூன்று துண்டுதான் நனைந்திருந்தது, கீழே ஐந்து துண்டு வெடிப்போடு கிடந்தது. பட்டாளத்து மச்சினன் கொடுத்த கடிகாரம் அவன் கையில் இருந்தது. மண்வெட்டியோடு மடைக்கு ஓடி வந்தான். "மாமா, கிண்ணத்துக்கு இருபத்து நாலு நிமிசம். எனக்கு மட்டும் பதினேழு பதினேழா ஓடிருக்கு. வெரலை வச்சு அமுக்குறீகளா?" வீரணனைப் பார்த்து அந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. அவர் களிமண்ணை எடுத்து மடையில் வைத்தார். சாத்தையா அதைப் பிய்த்து எறிந்தான். தள்ளுமுள்ளில் கிழவர் மடைக்குழியில் விழுந்தார், நெற்றியில் ரத்தம். ஊரே கூடிவிட்டது. வீட்டிலிருந்து ஓடிப்போன இருளாயிக்கு முதலில் கோபந்தான் வந்தது, அண்ணனாம் அண்ணன், பெரிய மனுசனைத் தள்ளிவிட்டு. மாமனார் நெற்றிக்கு மஞ்சள் அரைக்கும்போதுதான் பதினேழு என்ற சொல் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அரைத்த கை நின்றது. கோணி ஊசி அடுப்படி மாடத்தில் வைத்த இடத்தில் இருந்தது, முனையில் பச்சைப் பொடியோடு. அவள் அதைத்தான் முதலில் துடைத்தாள். மாமனார் நெற்றியை அப்புறந்தான்.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம், கிண்ணத்தையும் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சாத்தையாவே கேட்டது. பாருங்கள், ஊரே பாருங்கள், பதினேழு நிமிசத்தில் முங்குகிறதா இல்லையா என்று. அவன் கேட்டது நியாயம். கிண்ணம் பதினேழு நிமிசத்தில் முங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏன் இப்படி என்று கேட்டிருப்பார்கள், இவள் தேய்த்தது தெரிந்திருக்கும், சின்னஞ்சிறுசு, தெரியாமல் செய்துவிட்டாள் என்று ரெண்டு கிழவிகள் திட்டியிருப்பார்கள், பூவலிங்கம் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், அடுத்த மழைக்கு எல்லாம் மறந்திருக்கும். இவ்வளவுதான் நடந்திருக்கும். இது இன்றைக்குத் தெரிகிறது, அறுபத்தெட்டு வயசில், முழங்கால் வலியோடு. இருபத்தோரு வயசில் அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கிண்ணம் கெட்டது இவள் கையால், மாமனாருக்குப் பொய்யன் பட்டம் இவள் கையால், மூன்று தலைமுறைப் பேர் ஒரு புதுப்பெண்ணின் கோணி ஊசியால் போயிற்று, இனி இந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவாள். வெளுக்கிற நேரம் எழுந்தாள். குங்குமம் ஒட்டுவதற்கு நெற்றியில் தொட்டு வைக்கிற மெழுகு, சிமிழில் இருந்தது. அதில் ஒரு மிளகளவு கிள்ளினாள். கிண்ணத்தின் உள்பக்கமாகத் துளையோரத்தில் அப்பி, முள்ளால் குத்தினாள். ஒரு படி கேழ்வரகைத் திரித்து முடித்தால் ஒரு கிண்ண நேரம், அவள் மாமனாரின் தட்டுச் சத்தத்தை வைத்தே பல நாள் பார்த்திருக்கிறாள். திரிகையைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்தைக் குண்டானில் மிதக்கவிட்டாள். முந்தி முங்கியது. இன்னும் கொஞ்சம் மெழுகு. பிந்தியது. முள்ளை விட்டாள், சரியாக வந்தது. மூன்று படி கேழ்வரகு. என்ன மருமக, விடியுமுன்னே இத்தனை மாவு யாருக்கு என்று மாமனார் படுக்கையிலிருந்து கேட்டார். கூட்டம் கலைஞ்சு வந்தா எல்லாருக்கும் கூழு வேணுமே மாமா என்றாள். எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய். கூட்டத்தில் கிண்ணம் இருபத்து நாலில் முங்கியது. சாத்தையா கடிகாரத்தைப் பார்த்தான். காதில் வைத்துப் பார்த்தான். கழற்றி உதறிப் பார்த்தான். பஞ்சவர்ணம் கூட்டத்தின் ஓரத்தில் பிள்ளையோடு நின்று அவனையே பார்த்தாள். அவள் புருசனைப் பார்த்த பார்வை மாறுவதை இருளாயி கண்ணால் கண்டாள். இன்னொரு தடவை வச்சுப் பாருங்க என்று அவன் கேட்டான். வைத்தார்கள். இருபத்து நாலு. விழுந்து மன்னிப்புக் கேளுடா, கிழவரைத் தள்ளினதுக்கும் சேத்து, என்றது ஊர். தள்ளுனதுக்கு விழுகுறேன், பொய் சொன்னேன்னு விழுக மாட்டேன் என்றான். அதோடு ஊர் ஒதுக்கி வைத்தது, தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, முகத்தில் முழிப்பு இல்லை. வெட்டின வைக்கோலைக்கூட வண்டியில் ஏற்றாமல் சித்திரையில் போய்விட்டார்கள்.

போகிற அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வண்டி கண்மாய்க் கரையில் ஏறுகிற வரைக்கும் நேரம் இருந்தது. அடுப்பில் பால் இருந்தது, பொங்கிவிடும் என்று நின்றுவிட்டாள். பால் ஒரு காரணம். ராசாங்கம் வயிற்றில் வந்தான், அது ஒரு காரணம், பிள்ளை பிறக்கட்டும் என்று. பிறந்தான், பிள்ளை வளரட்டும் என்று. மாமனார் போய்ச் சேரட்டும், அப்புறம் யாருக்கு அவமானம் என்று. அவர் போனார், அவருக்குப் பின்னால் புருசன் போனார், கரண்டு மோட்டார் வந்தது, ஆழ்குழாய் வந்தது, கண்மாயும் மேடு தட்டிக் கருவேலம் மண்டியது, கிண்ணம் சாமி மாடத்தில் ஏறிக்கொண்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது கடைசியாக வந்த காரணம், அது வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மாமனாருக்குத் தெரிந்திருக்குமோ? கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு அவர் கிண்ணத்தை மாடத்தில் வைக்குமுன் கட்டைவிரலால் உள்ளடியைத் தடவினார். தடவிய விரலை மூக்கில் வைத்தாரா, அல்லது மூக்கைச் சொறிந்தாரா? நாற்பத்தேழு வருசமாக அந்த விரல் அவள் முன்னால் மேலே போய்க்கொண்டே இருக்கிறது, எங்கே போய் நிற்கிறது என்று தெரியவில்லை. அடுத்த வருசம் கண்ணு சரியா தெரியலை என்று சொல்லிக் கிண்ணம் பார்ப்பதை விட்டுவிட்டார். கண் அவருக்கு நன்றாகத்தான் தெரிந்தது, சாகும்வரைக்கும் ஊசியில் நூல் கோத்தார். ஆனால் அவள் போட்ட சோற்றை வேண்டாம் என்றதில்லை. வேண்டாம் என்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் அவள் அன்றைக்கே காலில் விழுந்திருப்பாள். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? இதையும் எத்தனை தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், கேட்டதற்கு இல்லை, கேட்காததற்கு ஊர்மேல் கோபப்படுகிறாள், கள்ளி.

தூரத்தில் பஸ் ஆரன் கேட்டது. பத்தரை ஆகவில்லையே, அதற்குள்ளா. கிண்ணம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பேசாமல் கொடுத்துவிடலாம். கொடுத்தால் என்ன? அவன் ஒரு தடவை விழுவான், எழுந்திருப்பான், மண்ணைத் தட்டிக்கொள்வான், ஊர் ஒன்றாகிவிடும், எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவார்கள், ராசாங்கம் கல்லில் வெட்டிவிடுவான். அப்புறம் அது கல். அந்த எழுத்தை ஊரில் பிறக்கிற பிள்ளைகளெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கும், பொய், கூறிய, ஒரு, குடி. சொன்னால்? ராசாங்கம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறவன், எட்டு வீடும் அவன் பேச்சைக் கேட்கிறது, கிண்ணத்து வீடு என்பதால்தான் கேட்கிறது. ஆத்தாளே அவன் காலை வாரிவிட வேண்டுமா? இரண்டு ஆண்பிள்ளைகளில் எவன் தலை குனிவது என்றுதானே கேள்வி, இவன் பெற்ற பிள்ளை, அவன் அடுத்தவள் பிள்ளை. ஆனால் அவனுந்தான் இந்த இடுப்பில் இருந்தான். கிறுக்கு பிடித்துவிட்டது கிழவிக்கு என்று சொல்வார்கள், சொல்லட்டும், சொன்னால் பரவாயில்லை, சொல்லாவிட்டால்? கண்மாய்க் கரையில் ஓர் ஆள் வருவது கொல்லையிலிருந்தே தெரிந்தது. வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. நடை சாத்தையா நடைதான், வலது கால் கொஞ்சம் வெளியே விழுகிற நடை. எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அயித்தை," என்றபடி கொல்லைப்பக்கமே வந்துவிட்டான் மலைக்கண்ணன். முன்பக்கம் ஆள் இல்லை என்று பார்த்திருப்பான். நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி. குனிந்து அவள் காலைத் தொட்டான். "நல்லா இருக்கீகளா? என்னைய அடையாளம் தெரியுதா?"

"தெரியாம. உக்காருப்பா. அந்தக் கல்லு ஈரம், இங்கிட்டு உக்காரு." அவள் முந்தானையால் கல்லைத் துடைத்தாள். "ஒங்காத்தா வரலையா?"

"வரமாட்டேன்னுட்டாக. நீ போயி விழுந்து எந்திரி, எனக்கு அந்த மண்ண மிதிக்க மொகமில்லைங்குறாக." அவன் சிரித்தான். "எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு அயித்தை. ஆனா பேரன் பேத்திக்கு ஒரு சாமி வேணும்ல. எங்க கும்புடுறதுன்னு கேட்டா நான் எந்தத் திக்கைக் காட்டுறது? கிண்ணத்தைக் குடுங்க, மேளம் அடிச்சுட்டாக."

கிண்ணம் மடியில் இருந்தது. எடுத்து நீட்ட வேண்டும். கை எடுத்தது, நீட்டவும் செய்தது. அவன் இரண்டு கையையும் ஏந்தினான். ஏந்திய கையில் கிண்ணத்தை வைக்கிற நேரத்தில் அவள் பிடி விடவில்லை. அவன் மெதுவாக இழுத்துப் பார்த்தான். கிழவி விளையாடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ.

"விழுகாதப்பா," என்றாள்.

"என்ன அயித்தை?"

"நீ விழுகக் கூடாது. ஒங்கப்பா பொய் சொல்லலை." சொல்லிவிட்டாள். வானம் இடியவில்லை, கோழி அங்கேயேதான் நின்றது. மிச்சம் தானாக வந்தது, முன்னும் பின்னுமாக, புளி, கோணி ஊசி, மெழுகு, கேழ்வரகு, எல்லாம். இத்தனை வருசம் மனசுக்குள் அழகழகாக அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அடிக்கப் போகிறானோ என்றுகூட நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"பதினேழு நிமிசம்டா," என்றான் மலைக்கண்ணன், அவளைப் பார்க்காமல். "சாகுற அன்னைக்கும் அப்பா அதான் சொன்னாரு. ஆசுபத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு. பதினேழு நிமிசம்டா, நான் பாத்தேன்டான்னு. சரிப்பா, விடுப்பான்னேன். நர்சு யாரு எவருன்னு பாக்காம எல்லாருகிட்டயும் சொல்லுவாரு. எங்களுக்கு மானம் போகும். ஊருல இருக்கிறவுகளுக்குக்கூடக் கோவம் அயித்தை, எங்களுக்கு அதுகூட இல்லை. நாங்க அவரை நம்பவே இல்லை. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஆமாப்பா நீ சொன்னது நெசந்தான்னு ஒரு பேச்சுக்குக்கூட நாங்க சொல்லலை."

அவள் கை கூப்பியிருந்தது. எப்போது கூப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கொல்லைக் கதவுப் பக்கம் நிழல் தட்டியது. ராசாங்கம் நின்றான், கையில் மாலை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று புரிந்தது. "ஆத்தா," என்றான், மாலையைத் துவைகல்லில் வைத்தபடி.

"நான் வந்து ஊருக்கு முன்னால சொல்றேன்," என்றாள் இருளாயி. "என்னையத் தூக்கி விடுங்கடா ரெண்டு பேரும். அவுக அத்தனை பேரு முன்னாலயும் சொல்றேன். அந்த வரிய நீ கல்லுல வெட்டாத."

"ஊரு இருக்கட்டும்," என்றான் மலைக்கண்ணன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிட்டான். ரெண்டு தடவை தப்பாக அழுத்தினான். "மொதல்ல எங்காத்தாகிட்டச் சொல்லுங்க." அழைப்பு போகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அதை அவள் காதில் வைத்து அழுத்தினான்.

"என்னடா, விழுந்துட்டியா? பொறுத்துக்கிட்டாகளா?" கரகரத்துப்போன கிழட்டுக் குரல். எத்தனை கரகரத்தாலும் அது பஞ்சவர்ணத்தின் குரல்.

"நான் இருளாயி."

"ஆத்தீ... இருளாயியா? நல்லா இருக்கியாடி? எங்க மேல கோவமெல்லாம் தீந்துச்சா? ஒங்க மாமனாரைத் தள்ளிவிட்ட பாவத்தை நான் இன்னும் சாமிகிட்டச் சொல்லிக் கும்புட்டுக்கிட்டுத்தான்டி கெடக்கேன். மனுசன் வீம்புக்காரர். என்ன செய்யச் சொல்ற? ஒன்னைய விட்டு வந்ததுதான்..."

"பஞ்சவர்ணம், கொஞ்சம் பேச விடு. ஒன் வீட்டுக்காரரு பொய் சொல்லலைடி. கிண்ணத்துத் தொளையப் பெருசாக்குனது நானு. கூட்டத்தன்னைக்கு மெழுகு வச்சு அடைச்சுக் குடுத்ததும் நானு. அண்ணன் பாத்ததுதான் நெசம். பதினேழுதான்."

லைன் அறுந்துபோயிற்றோ என்று மலைக்கண்ணன் எட்டிப் பார்த்தான், அறுந்துபோகவில்லை, நிமிசம் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் மேளம் நின்று மறுபடி தொடங்கியது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரு கிழவி எழுந்து உட்காருகிற மாதிரி ஏதோ ஒரு கட்டில் கிரீச்சிட்டது.

"அவரு போயிப் பதினோரு வருசமாச்சேடி," என்றாள் பஞ்சவர்ணம். "இத நான் இப்ப யாருகிட்டப் போயிச் சொல்ல?"